ஊர் வகுப்பும் மாணவர் ஒன்றியச் செயலாளர் வேலையும் முதுமாணிக்கு விண்ணப்பிக்கும்போது கணக்கில் வருமா?

விசுவமடுப் பிள்ளை

எல்லோருக்கும் வணக்கம். விசுவமடு என் ஊர். கிளிநொச்சி அறிவியல் நகரில் விவசாயம் படித்து முடித்து எட்டு மாதமாகிறது. இரண்டாம் வகுப்பு மேற்பிரிவு. முதுமாணி (மாஸ்டர்ஸ்) படிக்க வேண்டும் என்று மனதில் இருக்கிறது. எதில், எங்கே, எப்படி என்றுதான் தெளிவில்லை. கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கொரோனாவில் கம்பஸ் மூடி எல்லாம் சூமில் நடந்த காலத்தில், வீட்டுக்குப் பின்னால் இருக்கும் குளக்கட்டில் ஏறினால்தான் எனக்கு சிக்னல் வரும். நான் அங்கே போய் இருக்க, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் கொப்பியோடு வந்து இருக்கத் தொடங்கினார்கள். அவர்களுக்கும் பள்ளிக்கூடம் இல்லை. அப்படித்தான் வகுப்பு தொடங்கியது. 2021 தை மாதம் ஏழு பிள்ளைகள். அப்புறம் அப்பா கச்சான் (நிலக்கடலை) போட்டு வைக்கும் கொட்டிலை ஒதுக்கித் தந்தார். பழைய கதவு ஒன்றுக்குக் கறுப்புப் பெயின்ற் அடித்துக் கரும்பலகை ஆக்கினோம். இப்போது இருபத்துமூன்று பேர், ஒன்பதாம் ஆண்டிலிருந்து பதினோராம் ஆண்டு வரை. கணிதமும் விஞ்ஞானமும். காசு வாங்குவதில்லை. 2022 பங்குனிக் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் இல்லாதபோது, மண்ணெண்ணெயும் கிடைக்காமல், அண்ணாவின் மோட்டார் சைக்கிள் பற்றறியில் ஒரு பல்ப் கொளுவி நடத்தினோம்.

ஏன் இதில் இவ்வளவு பிடிப்பு என்று கேட்டால் ஒரு காரணம் இருக்கிறது. 2009 இல் எனக்குப் பத்து வயது. போரில் இடம்பெயர்ந்து செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் இருந்தோம். எங்கள் தறப்பாள் கூடாரத்துக்கு எதிர்க் கூடாரத்தில் இருந்த ஓர் அக்கா, தானே உயர்தரச் சோதனைக்குப் படித்துக்கொண்டு, ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகள் எல்லோரையும் கூட்டி மண்ணில் குச்சியால் கோடு போட்டுப் பின்னம் படிப்பித்தார். அவருடைய பெயர்கூட இப்போது எனக்கு நினைவில் இல்லை. பின்னத்தைக் கூட்டும்போது கீழே உள்ள எண்ணை முதலில் பார் என்று அவர் சொன்னதை நான் இப்போதும் அப்படியே என் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்.

கம்பஸில் மாணவர் ஒன்றியச் செயலாளராகவும் இருந்தேன். காஸ் இல்லாத நாட்களில் மாணவர்களின் ஊர்களுக்குப் போய் நெல் சேர்த்து, குற்றி, விறகில் கூட்டாகச் சமைத்தது எங்கள் அணிதான். கணக்குக் கொப்பி என் கையில் இருந்தது.

இனி விஷயம். போன வருடம் ஒரு வெளிநாட்டுப் புலமைப்பரிசிலுக்கு விண்ணப்பித்தேன், முதல் கட்டத்திலேயே தள்ளுப்பட்டுவிட்டது. உள்ளூரில் ஓர் இடத்தில் நேர்முகத்துக்குப் போனபோது, “ஊருக்குள் ரியூசன் குடுத்ததையும் சங்க வேலையையும் இதுக்குள்ள கொண்டு வராதேங்கோ, இது ஆராய்ச்சி” என்று சொன்னார்கள். அன்றைக்கு பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அழுகை வந்தது. ஐந்து வருடம் செய்த வேலை அது.

மூன்று கேள்விகள். இவற்றை விண்ணப்பத்தில் எழுதுவதா, விடுவதா? விவசாயத்திலேயே தொடர்வதா, கல்வித் துறைக்கு மாறுவதா? அடுத்த முறை ஓ.எல். (பதினோராம் ஆண்டுப் பொதுச் சோதனை) எழுத ஒன்பது பேர் இருக்கிறார்கள், அவர்களை விட்டுவிட்டு எப்படிப் போவது?

மல்லாவி அண்ணன்

தங்கச்சி, நான் பேராதனையில் முதுமாணி முடித்தவன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். முதுமாணி என்ற ஒரே பெயரில் இரண்டு படிப்பு இருக்கிறது. பட்டங்களை மட்டம் பிரிக்கும் இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் 9ஆம் மட்டம் என்றால் 30 கிரெடிற், வகுப்பும் பரீட்சையும்தான். 10ஆம் மட்டம் என்றால் 60 கிரெடிற், இரண்டு வருடம், அதற்குள் ஆய்வும் வரும். பிறகு கலாநிதிப் பட்டம், விரிவுரையாளர் வேலை என்று யோசனை இருந்தால் 10ஆம் மட்டத்தைப் பாருங்கள். வேலையில் இருப்பவர் பதவி உயர்வுக்காகச் செய்வதென்றால் 9 போதும். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பலர் இதைக் கேட்காமல் காசைக் கட்டிவிட்டு ஒரு வருடம் கழித்துத்தான் கண்டுபிடிக்கிறார்கள். விண்ணப்பப் படிவம் நிரப்பும் முன் மட்டம் எது என்று கேளுங்கள்.

துறை மாறத் தேவையில்லை என்பது என் கருத்து. பேராதனையில் 1975 இலிருந்து விவசாயத்துக்கென்றே ஒரு பட்டப்பின் நிறுவனம் இருக்கிறது. அங்கே விவசாய விரிவாக்கம் ஒரு தனித் துறை. கமக்காரனுக்குப் புது விஷயம் எப்படிப் போய்ச் சேருகிறது, யாரிடம் கேட்டுப் பயிர் செய்கிறான், இளம் பிள்ளைகள் ஏன் வயலை விடுகிறார்கள், இதெல்லாம் அதற்குள் வரும். உங்களுக்குப் படிப்பிக்கவும் தெரியும், வயலும் தெரியும். இரண்டையும் ஒன்றாகக் கேட்கும் துறை வேறு எது?

காசைப் பற்றி யாரும் வெளிப்படையாகச் சொல்வதில்லை, நான் சொல்கிறேன். கட்டணம் ஒரு பக்கம், போக்குவரத்தும் தங்குமிடமும் மறு பக்கம். எனக்கு வகுப்பு வார இறுதியில். ஏ9 வீதி தொடங்குவதே கண்டியில்தான், அதனால் மாங்குளம் சந்தியில் இரவு பஸ் ஏறினால் விடியற்காலை கண்டியில் இறக்கிவிடும். ஒன்றரை வருடம் அப்படிப் போய் வந்தேன். ஏ9 இல் போகிறவர்கள் இறங்கிக் கும்பிடும் பிள்ளையார் கோவில் இருக்கும் முறிகண்டிக்குத் தெற்கே பஸ் ஏறியதால் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க வழியில்லையே என்று அம்மா ஒவ்வொரு கிழமையும் கவலைப்படுவார். இன்னொரு வழி இருக்கிறது: தேசிய விஞ்ஞான மன்றம், தேசிய ஆராய்ச்சிப் பேரவை ஆகியவற்றின் நிதியில் நடக்கும் ஆய்வுகளுக்கு உதவியாளர் எடுப்பார்கள். மாதக் கொடுப்பனவோடு பட்டப்பின் படிப்புக்குப் பதிவும் செய்யலாம். அதற்கு விளம்பரத்தைப் பார்த்துக்கொண்டு இருக்காமல், யார் என்ன ஆய்வு செய்கிறார்கள் என்று தேடி நேரே மெயில் போட வேண்டும்.

ஆங்கிலத்தை இன்றைக்கே தொடங்குங்கள். எனக்கு முதல் ஆறு மாதமும் பாடம் பிரச்சினையாக இருக்கவில்லை, வாசிக்கும் வேகம்தான் பிரச்சினை.

முள்ளியவளை ரீச்சர்

பிள்ளை, நான் கொஞ்சம் வேறு மாதிரிச் சொல்லப் போகிறேன், கோபிக்காதேயும். முதலில் ஒரு நிரந்தர நியமனம். ஆசிரியரோ அபிவிருத்தி உத்தியோகத்தரோ, எது வருகிறதோ எடும். அதற்குப் பிறகு கற்கை விடுமுறை எடுத்துப் படிக்கலாம். நான் தொண்டர் ஆசிரியராக இருந்து காய்ந்தவள். வீட்டில் ஒரு சம்பளம் இல்லாமல் இரண்டு வருடம் படிப்பது எங்கள் பக்கம் எத்தனை குடும்பத்துக்கு முடியும்? பெண் பிள்ளை என்றால் அந்த இரண்டு வருடத்துக்குள் ஊர் என்னென்ன கேட்கும் என்று எனக்குத் தெரியும். படிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. கையில் ஒன்று இருக்கட்டும் என்கிறேன்.

வகுப்பைப் பற்றியும் ஒன்று. இருபத்துமூன்று பிள்ளைகளும் உம்மை மட்டும் நம்பி இருக்கிறார்கள் என்பது எனக்குச் சந்தோஷமாக இல்லை, பயமாக இருக்கிறது. நாளைக்கு உமக்குக் காய்ச்சல் வந்தால் யார் கதவைத் திறப்பது? முன்பு உம்மிடம் படித்து இப்போது உயர்தரம் எழுதிவிட்டு வீட்டில் நிற்கும் பிள்ளை ஒன்றாவது இருக்குமே. பெறுபேறு வரும் வரை சும்மா இருக்கும் காலம் அது. அந்தப் பிள்ளையைப் பக்கத்தில் வைத்து மூன்று மாதம் பழக்கும். முதல் மாதம் அவள் பார்க்கட்டும், இரண்டாம் மாதம் பாதி நேரம் எடுக்கட்டும், மூன்றாம் மாதம் நீர் பின் வாங்கில் இரும். நீர் போகிறீரோ இல்லையோ, இதைச் செய்யும்.

மாங்குளம் சந்தி

ரீச்சர் சொன்ன கடைசிப் பகுதிக்கு என் கையையும் சேர்த்து உயர்த்துகிறேன். நியமனத்தைப் பற்றி எனக்கு வேறு கருத்து. நியமனம் எப்போது வரும் என்று தெரியாமல் காத்திருந்த என் நண்பர்கள் சிலர் அந்தக் காத்திருப்பிலேயே வாசிப்பதை விட்டுவிட்டார்கள். இரண்டுக்கும் விண்ணப்பியுங்கள்.

நான் கேட்க நினைத்தது வேறு. தள்ளுப்பட்ட விண்ணப்பத்தில் வகுப்பைப் பற்றி என்ன எழுதினீர்கள்? அந்தப் பந்தியை மட்டும் தமிழில் இங்கே போடுவீர்களா?

விசுவமடுப் பிள்ளை

இதுதான்: “நான் கடந்த நான்கு ஆண்டுகளாகப் போரினால் பாதிக்கப்பட்ட கிராமத்தில் வறிய மாணவர்களுக்கு இலவசக் கல்வி வழங்கி வருகிறேன். மாணவர் ஒன்றியச் செயலாளராகச் சிறந்த தலைமைத்துவப் பண்புகளை வளர்த்துக்கொண்டேன். எனது சமூகத்தின் கல்வி வளர்ச்சிக்குத் தொடர்ந்து பங்களிக்க விரும்புகிறேன்.”

மாங்குளம் சந்தி

நன்றி. மனம் நோகாமல் கேளுங்கள். இந்த மூன்று வசனத்திலும் நீங்கள் இல்லை. கதவில் அடித்த பெயின்ற் இல்லை, பற்றறி பல்ப் இல்லை, நெல் சேர்த்த கணக்குக் கொப்பி இல்லை. இங்கே எழுதியதை வாசித்தபோது எனக்கு உங்களைத் தெரிந்தது, அங்கே வாசித்தவருக்குத் தெரிந்திருக்காது. வடக்கில் இருந்து போகும் விண்ணப்பங்களில் பாதிக்கு மேல் இதே வசனங்கள்தான் இருக்கும். நானும் முதல் தடவை இப்படித்தான் எழுதினேன்.

அந்த நேர்முகத்தில் சொன்னதைச் சொன்ன விதம் பிழை. ஆனால் அதில் எடுத்துக்கொள்ள ஒன்று இருக்கிறது. ஆராய்ச்சிக்கு எடுப்பவர் நீங்கள் எவ்வளவு நல்ல பிள்ளை என்று பார்ப்பதில்லை. உங்களிடம் ஒரு கேள்வி இருக்கிறதா, அதை எங்கே கண்டெடுத்தீர்கள் என்று பார்ப்பார். ஆகவே உள்ளூர் ஆய்வுப் பட்டத்துக்கு என்றால் சேவையைச் சுருக்கி, அந்த வகுப்பில் உங்களுக்கு விளங்காமல் போன ஒரு விஷயத்தை விரித்து எழுதுங்கள். பிரித்தானிய அரசின் செவனிங் போன்ற புலமைப்பரிசில் என்றால் கதை வேறு. அவர்கள் தலைமைத்துவத்தை நேரடியாகவே கேட்பார்கள், 2,800 மணித்தியால வேலை அனுபவமும் கேட்பார்கள், சம்பளமில்லாத தொண்டு வேலையும் அந்தக் கணக்கில் சேரும். எந்தக் காலத்து வேலை கணக்கில் வரும் என்று அவர்களின் இப்போதைய நிபந்தனையைப் பார்த்துவிட்டு, உங்கள் வகுப்பு மணித்தியாலங்களைக் கூட்டிப் பாருங்கள். அங்கே நெல் சேர்த்த கதையை முழுதாகச் சொல்லலாம்: யார் தர மறுத்தார், எப்படிச் சம்மதித்தார், எத்தனை மூட்டை, எத்தனை பேர் சாப்பிட்டார்கள். படித்து முடிய இரண்டு வருடம் நாட்டுக்குத் திரும்பி இருக்க வேண்டும் என்பது அவர்களின் நிபந்தனை. உங்களுக்கு அது பாரமாக இராது என்று நினைக்கிறேன்.

அப்புறம் ஒரு கேள்வி. வகுப்புக்கு வரவு இடாப்பு வைத்திருந்தீர்களா?

விசுவமடுப் பிள்ளை

இருக்கிறது. சி.ஆர். கொப்பியில் கோடு போட்டு முதல் நாளிலிருந்தே எழுதுகிறேன். வராத பிள்ளைக்குப் பக்கத்தில் காரணமும் சின்னதாக எழுதுவேன், அடுத்த நாள் கேட்கத் தெரிய வேண்டும் என்பதற்காக. “நெல் காயுது”, “கச்சான்”, “அம்மம்மா வருத்தம்” இப்படி. அதை ஏன் கேட்கிறீர்கள்?

மல்லாவி அண்ணன்

காரணத்தோடு ஐந்து வருட இடாப்பா? தங்கச்சி, இதை முதல் பதிவிலேயே எழுதியிருக்க வேண்டும். கொப்பியை எடுத்து மாதம் மாதமாகக் கூட்டிப் பாருங்கள். ஒவ்வொரு வருடமும் தை, மாசியை முதலில் பாருங்கள்.

விசுவமடுப் பிள்ளை

நேற்றும் முந்தநாளும் இரவிரவாக இருந்து கூட்டினேன். சொல்கிறேன்.

நான் எதிர்பார்த்ததுதான் முதலில் வந்தது. தை, மாசியில் வரவு விழுகிறது. 2023 மாசியில் பெயர் இருந்தது இருபது பேர், ஒரு நாளைக்குச் சராசரியாக வந்தது ஒன்பது பேர். 2024 இலும் கிட்டத்தட்ட அதே மாதிரி. காரணத்தில் பெரும்பாலும் “நெல் காயுது”. இப்போது வெட்டுவது மெசின், ஆனாலும் காயவிட ஆள் வேண்டும். தார் வீதிக் கரையில் நெல்லைப் பரப்பிவிட்டு, மாடு வராமல் பார்க்கவும் நேரத்துக்கு நேரம் கிளறவும் பிள்ளையைத்தான் இருத்துவார்கள். பத்தாம் ஆண்டுப் பெடியன் ஒருவன் நெல்லுக்கு நடுவில் ஒரு கோட்டுக்குக் கால் வைத்து நடந்து, மறு கையில் விஞ்ஞானப் புத்தகத்தைப் பிடித்து வாசித்துக்கொண்டு போனதை நான் சைக்கிளில் வரும்போது கண்டிருக்கிறேன்.

2022 தான் என்னை நித்திரை கொள்ள விடவில்லை. அந்தத் தை, மாசியில் பெயர் இருந்தது பதினாறு பேர். வந்தது பதின்மூன்று, பதினான்கு. “நெல் காயுது” என்று இரண்டு மாதத்திலும் சேர்த்து ஆறு இடத்தில்தான் எழுதியிருக்கிறேன். முதலில் நான் எழுத மறந்துவிட்டேனோ என்று நினைத்தேன். அப்புறம் அப்பாவிடம் கேட்டேன். “அந்த வருசம் காய வைக்க எங்க பிள்ளை நெல் இருந்தது?” என்றார். 2021 இல் இரசாயன உரத்தைத் தடை செய்த வருடம் அல்லவா. கார்த்திகையில் தடையை எடுத்தபோது எங்கள் பக்கத்துக் காலபோகம் (மாரிகால நெல்) விதைத்து முடிந்திருந்தது. பயிர் மஞ்சளடித்து நின்றது எனக்கும் நினைவிருக்கிறது. விளைச்சல் இல்லாததால் பிள்ளைகள் வகுப்புக்கு வந்திருக்கிறார்கள். நான் அப்போது வரவு நன்றாக இருக்கிறது என்று சந்தோஷப்பட்டிருக்கிறேன். கொப்பியின் ஓரத்தில் ஒரு பூவும் கீறி வைத்திருக்கிறேன்.

அந்தப் பூவைப் பார்த்தபோது என்னவோ செய்தது. வீட்டில் அரிசி இல்லாமல் வந்து இருந்த பிள்ளைகளுக்கு நான் சமன்பாடு படிப்பித்திருக்கிறேன்.

மல்லாவி அண்ணன்

இரண்டு தரம் வாசித்தேன் தங்கச்சி.

அவசரப்பட்டு முடிவு கட்டாதீர்கள். வேறு காரணங்களும் இருக்கலாம். சோதனை கிட்ட வந்ததால் வந்திருப்பார்களா? புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் ஆர்வத்தில் வந்திருப்பார்களா? இதையெல்லாம் நீங்களே முதலில் கேட்டுக்கொண்டால்தான் மேற்பார்வையாளர் கேட்கும்போது நிற்கலாம்.

விசுவமடுப் பிள்ளை

சோதனையைப் பார்த்தேன் அண்ணா. 2022, 2023, 2024 மூன்று வருடமும் ஓ.எல். வைகாசியை ஒட்டித்தான் நடந்தது. ஆகவே தை, மாசியில் மூன்று வருடத்துக்கும் ஒரே தூரம். புதுப் பிள்ளைகள் விஷயம் நீங்கள் சொன்ன பிறகுதான் யோசித்தேன். 2022 இலும் 2023 இலும் இருந்த அதே பிள்ளைகளை மட்டும் பிரித்து எடுத்தேன், பதினொரு பேர். அவர்களில் எட்டுப் பேர் 2022 மாசியில் வந்த நாட்களை விட 2023 மாசியில் குறைவாக வந்திருக்கிறார்கள். மூன்று பேருக்கு வித்தியாசம் இல்லை. அந்த மூன்று பேர் வீட்டிலும் வயல் இல்லை, ஒருவருடைய அப்பா மேசன், மற்ற இருவரும் அம்மாவின் தையலில் சீவிக்கிறவர்கள்.

மாங்குளம் சந்தி

இதுதான் உங்கள் முதல் பந்தி. வேறு ஒன்றும் தேடாதீர்கள். பதினொரு பேரை வைத்து எதையும் நிறுவ முடியாது, ஆனால் கேள்வி கேட்கப் போதும். சேர்ந்த பிறகு பல பள்ளிக்கூடங்களின் இடாப்பைப் பார்க்க அனுமதி எடுக்கலாம்.

ஒரு கவனம். பிள்ளைகளின் பெயர் எங்கேயும் போகக்கூடாது. இப்போதே பெயருக்குப் பதில் இலக்கம் போட்டு வேறு கொப்பியில் பிரதி எடுங்கள். பெற்றோரிடம் போய் இதை ஆய்வுக்குப் பயன்படுத்தலாமா என்று கேளுங்கள். பல்கலைக்கழகத்தில் நெறிமுறை அனுமதி என்று ஒன்று எடுக்க வேண்டிவரும், அப்போது இது உதவும்.

மெயில் எழுதும்போது பத்து வசனத்துக்கு மேல் வேண்டாம். யார் நீங்கள், இடாப்பில் என்ன கண்டீர்கள், அவருடைய எந்தக் கட்டுரையை வாசித்தீர்கள், என்ன கேட்கிறீர்கள். சி.வி. இணைப்பில் போகட்டும். ஒன்றியச் செயலாளர் என்பதும் அதில் ஒரு வரியாக இருக்கட்டும், நெல் சேர்த்த கணக்கோடு. மக்களிடம் போய்த் தகவல் எடுக்கத் தெரிந்த ஆள் என்பதற்கு அதுதான் சாட்சி.

முள்ளியவளை ரீச்சர்

பிள்ளை, நான் நியமனம் என்று சொன்னதை மாற்றவில்லை. ஆனாலும் இதை எழுதும். எங்கள் பள்ளிக்கூடத்திலும் தை, மாசியில் இதே கதைதான். நாங்கள் பெற்றோரைக் கூப்பிட்டு ஏசுவோம், அதோடு சரி. இத்தனை வருடத்தில் ஒருவரும் காரணத்தை எழுதி வைக்கவில்லை.

விசுவமடுப் பிள்ளை

இரண்டு பேருக்கு மெயில் போட்டேன், ஒருவர் பதில் போட்டிருக்கிறார். இடாப்பின் இரண்டு பக்கத்தைப் பெயர்களை மறைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார், அனுப்பிவிட்டேன். வரும் கிழமை சூமில் கதைப்பதாகச் சொல்லியிருக்கிறார். இப்போது வீட்டிலேயே சிக்னல் வருகிறது, என்றாலும் குளக்கட்டில் போய் இருந்துதான் கதைப்பேன்.

ரீச்சர், நீங்கள் சொன்ன பிள்ளை கிடைத்துவிட்டாள். முதல் ஏழு பேரில் ஒருத்தி, உயர்தரம் எழுதிவிட்டு நிற்கிறாள். நேற்றுப் பின் வாங்கில் இருந்து பார்த்தாள். பின்னம் வந்தபோது எனக்கு முன்னால் அவளே சொல்லிவிட்டாள், கீழே உள்ள எண்ணை முதலில் பார் என்று. இடாப்பை இன்றிலிருந்து அவள்தான் எழுதுகிறாள். காரணத்தையும் எழுதச் சொல்லியிருக்கிறேன்.